வலக்கால் கோழிகள்

பேர்கன், நோர்வே
2024 பெப்ரவரி 6

ஜெசிதா,

என் நம்பரை நீர் போனில் தடுத்து வைத்திருப்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், சொந்தக் கதை ஒன்றுமில்லை. வேலை விசயம்.

நீர் யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்பிய கோழி முண்ணாண் துண்டுகளை எல்லாம் சீவிப் பார்த்து முடித்துவிட்டேன். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து இருந்து கண் எரிகிறது. ஆனால் கிடைத்தது என்னவென்று கேளும். முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணின் இரண்டு பக்கமும் காலை அசைக்கும் பெரிய நரம்புக் கலங்கள் இருக்கின்றன. இடப்பக்கக் கலங்களில் மற்ற நரம்புகளின் முனை மொட்டுகள் பலாச்சுளையில் ஈ மொய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வலப்பக்கம் வெறுமை! கலத்தின் உடம்பில் பாதிக்குமேல் ஒரு மொட்டும் தொடவில்லை. ஒரு கோழியில் அல்ல, எல்லாக் கோழியிலும்.

பறவையின் முண்ணாணில் இப்படி ஒரு இடம் வலம் வேறுபாட்டை நான் எங்கேயும் வாசித்ததில்லை. என் விளக்கம் இது: கோழி ஒற்றைக்காலில் நின்று தூங்குகிறது. மடக்கி வைக்கும் வலக்காலுக்கு வேலை குறைவு, வேலை குறைந்த கலத்துக்கு இணைப்பும் குறைவு.

கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். உம்முடைய பெயர் இரண்டாவதாக இருக்கிறது. சித்திரைக்குள் இது போகாவிட்டால் இங்கே என் வேலையை நீடிக்கமாட்டார்கள், விசாவும் போய்விடும். ஆகையால் வழக்கம்போல நூறு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் கையெழுத்தை வைத்து அனுப்பும்.

லெனாட்


குருநகர்
2024 பெப்ரவரி 9

லெனாட் இராசசிங்கம் அவர்களுக்கு,

வேலை விசயம் என்றால் வேலை விசயமாகவே முடிப்போம். கையெழுத்து வைக்கமாட்டேன்.

படங்களைப் பார்த்தேன். நீர் எண்ணியிருக்கிறீர், பார்க்கவில்லை. வலப்பக்கத்தில் மொட்டுகள் இருக்கின்றன ஐயா! கலத்தை விட்டுக் கழன்று நிற்கின்றன, அவ்வளவுதான். கழன்ற மொட்டுக்கும் கலத்துக்கும் நடுவில் மெல்லிய நாக்குப் போல ஒன்று புகுந்திருப்பது மூன்றாவது படத்தில் குருடனுக்கும் தெரியும். அது கிளியா, நரம்புக் கலங்களுக்கு இடையில் நிரவி நிற்கும் துணைக் கலம். பிறவியிலேயே இணைப்பில்லாத இடத்தில் அது எந்த மொட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது? காலில் நரம்பு நசிந்தால், முண்ணாணில் இருக்கும் அதன் தாய்க்கலத்தில் ஒட்டியிருந்த மொட்டுகள் கழன்றுவிடும். இரண்டாம் வருசப் பிள்ளைகளுக்கு நான் இதைப் படிப்பிக்கிறேன். நீரும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்ததும் இதைத்தான்.

ஆகவே கேட்கிறேன், அந்தக் கோழிகளின் வலக்காலுக்கு என்ன நடந்தது? எனக்குத் தொடர்மாடி வீட்டில் கோழி வைக்க இடமில்லை என்றதும், "அம்மா கொடிகாமம் சந்தையில் வாங்கிக் கரவெட்டியில் எங்கள் வளவில் வைத்திருப்பா, நீர் போய் எடும்" என்று ஒழுங்கு செய்தது நீர். நான் கேற்றடியில் கூடையோடு வாங்குவேன். பஸ்ஸில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, மயக்கி, இதயத்தினூடாக மருந்தேற்றி முண்ணாணைப் பதப்படுத்துவேன். கூடைக்குள் வருமுன் அவை எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது.

ஒற்றைக்கால் தூக்கம் நல்ல கதைதான். எங்கள் ஒழுங்கையில் கோழிகள் இரண்டு காலையும் மாறி மாறி மடக்குகின்றன. நின்று பார்த்தேன். "என்னடி, கோழிக்குக் காவல் நிக்கிறியோ?" என்று அயல்வீட்டு றெஜி அண்ணை சிரித்துவிட்டுக் கடலுக்குப் போனார்.

ஜெசிதா சிமியோன்


பேர்கன்
2024 பெப்ரவரி 13

ஜெசிதா,

எனக்குப் பாடம் எடுத்ததற்கு நன்றி. இப்போது நான் எடுக்கிறேன்.

மொட்டுகள் கழன்றிருக்கின்றன என்றால் கழற்றியது உம்முடைய கைதான். பதப்படுத்தும் திரவம் சரியாக ஏறாவிட்டால் கலங்கள் சுருங்கும், ஒட்டியிருப்பது பிரியும். அங்கே கரண்ட் நின்றதோ, திரவம் பழுதோ, உமக்கு அவசரமோ, யாருக்குத் தெரியும்? நான் பெருந்தன்மையாக அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டேன். நீர் இப்படியே அடம்பிடித்தால், யாழ்ப்பாணத்தில் செய்த பதப்படுத்தல் பிழையாகிவிட்டது என்று எழுதி உம்முடைய துறைத்தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். உம்முடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று கேள்வி.

உள்ளதைச் சொல்கிறேன். உமக்குக் கோபம் கட்டுரையில் அல்ல. எங்கள் கலியாணப் பேச்சுக் குழம்பியதற்கு நாலு வருசம் கழித்து என் சோற்றில் மண்ணள்ளிப் போடப் பார்க்கிறீர். அம்மாவுக்குக் குருநகர்ச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? எத்தனை முறைதான் சொல்வது!

மாத முடிவுக்குள் கையெழுத்து வரவேண்டும்.

லெனாட்


குருநகர்
2024 பெப்ரவரி 19

லெனாட்,

துறைத்தலைவருக்கு நீர் எழுதத் தேவையில்லை. உம்முடைய கடிதத்தை நானே அச்செடுத்து அவருடைய மேசையில் வைத்துவிட்டேன். பயமுறுத்தலையும் சேர்த்து.

பதப்படுத்தல் பிழையாம்! ஒரு கோழிக்கு ஒரு இதயம். அந்த இதயத்தினூடாக ஏற்றிய திரவம் வலப்பக்கத்தை மட்டும் கெடுத்துவிட்டு இடப்பக்கத்தைப் பவுத்திரமாக விட்டதோ? அதுவும் எல்லாக் கோழியிலும் ஒரே பக்கம்? உம்முடைய படங்களிலேயே நரம்பின் மைலின் உறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக நிற்கிறது, ஒன்றும் உப்பவில்லை. இதைவிடச் சுத்தமாக யாரும் பதப்படுத்திக் காட்டட்டும், நான் வேலையை விட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது இந்தக் கை ஒன்றுதான், லெனாட். அப்பா கடலில் போன பிறகு அம்மா மீன் கூறு கட்டி விற்றுப் படிப்பித்த கை. அதில் பிழை சொல்லி நீர் தப்ப நான் விடமாட்டேன்.

இனி நடந்ததைக் கேளும்.

சனிக்கிழமை நெல்லியடி பஸ் எடுத்து, அங்கிருந்து கரவெட்டிக்கு ஓட்டோவில் போனேன். உம்முடைய அம்மா வழக்கம்போலக் கேற்றைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா.

"கோழி எடுக்கவோ? உதிலை நில்லும், கொண்டுவாறன்."

"இல்லை அன்ரி. கோழி நிக்கிற இடத்தைப் பாக்க வேணும்."

"அதிலை என்ன பாக்கக் கிடக்கு? கோழி கோழி மாதிரித்தான் நிக்கும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை காலத்தில் முதல் தடவை. கிணற்றுக்குப் பின்னால் மாமரத்தடியில் சந்தையில் வாங்கிய புதுக் கோழிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு முளையில், வலக்காலில் கட்டியபடி. கணுவுக்கு மேலே, சதை தொடங்கும் இடத்தில் பச்சை நைலோன் கயிறு. ஒன்றைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்தேன். கயிறு தோலுக்குள் புதைந்து கிடந்தது. காலை விட்டால் விரல்களை விரிக்கத் தெரியாமல் மடங்கி நின்றது. இழுக்க இழுக்க நைலோன் இறுகும் என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றெஜி அண்ணையின் விரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

"என்ன அன்ரி இது?"

"என்ன எண்டால்? புதுக்கோழியைக் கட்டாமல் விட்டால் கொடிகாமத்துக்குத் திரும்பிப் போயிடும். பழகுமட்டும் கட்டுறது. உங்கடை பக்கம் கட்டுறேல்லையோ?"

"எல்லாம் வலக்காலிலையோ?"

"ஓம். வலக்கால் வைச்சு வந்ததுதான் வீட்டிலை நிலைக்கும்."

இதைச் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தா.

இதுதான் உம்முடைய பெரிய கண்டுபிடிப்பு, லெனாட். நான் வாங்க வரும்போது அம்மா கயிற்றை அறுத்துவிட்டுக் கோழியைக் கூடையில் வைத்துக் கேற்றடிக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறா. கூடைக்குள் இருக்கும் கோழி நொண்டுமா நடக்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "உள்ளை வாரும், தண்ணி குடியும்" என்று அழைத்திருந்தால் அந்த மாமரத்தடியை நான் கண்டிருப்பேன். பிறந்ததில் இருந்து அந்த வளவில் கோழி கட்டுவதைக் கண்ட உமக்கு அது ஒரு நாளும் ஞாபகம் வரவில்லையே, அதுதான் ஆச்சரியம்.

"அன்ரி, வலக்காலிலை இப்பிடிக் கட்டினால் லெனாட்டின்ரை வேலை பழுதாப்போகும்" என்றேன். மகன் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. "சரி, சரி. இனி வலக்காலிலை கட்டேல்லை. போட்டு வாரும்."

கட்டுரையை நிறுத்தும்.

ஜெசிதா


பேர்கன்
2024 பெப்ரவரி 22

ஜெசிதா,

எங்கள் வீட்டுக்குள் புகுந்து ஒரு வயதுபோன மனிசியை விசாரணை செய்திருக்கிறீர். வெட்கமாக இல்லையா?

கடைசியில் பழி அம்மாவில் வந்து நிற்கும் என்று எனக்கு முதலே தெரியும். ஊரெல்லாம் கோழி கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் எந்தக் கோழியும் நொண்டி நான் கண்டதில்லை. பிறகு அவிழ்த்துவிட்டால் வளவெல்லாம் கிண்டித் திரியும். ஒரு கயிறு முண்ணாணில் நரம்பிணைப்பைக் கழற்றும் என்று சொல்ல உமக்கு ஒரு படம் உண்டா? ஒரு ஆதாரம் உண்டா? உமக்கு இருப்பது ஆத்திரம் மட்டும்தான்.

சரி, ஒன்று செய்வோம். அதே சந்தை, அதே வளவு, கயிறு இல்லாத கோழிகள். நீரே பதப்படுத்தி அனுப்பும். அவற்றிலும் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் கட்டுரையைத் திரும்ப எடுக்கிறேன். இதை எழுத்தில் தருகிறேன்.

லெனாட்


குருநகர்
2024 மார்ச் 14

லெனாட்,

சம்மதம். பெட்டியை இன்று கூரியரில் போட்டேன். ஒவ்வொரு துண்டிலும் இடப்பக்கத்தில் ஊசித் துளை இருக்கிறது, பக்கம் மாறிப் போச்சுது என்று பிறகு கதைவிட வேண்டாம்.

கோழிகளை வாங்கியது பழையபடி கேற்றடியில்தான். அன்றைக்கு உள்ளே போனதற்குத் தண்டனையாக இந்த முறை கேற்றுக்குப் பூட்டும் போட்டிருந்தது, கூடையைக் கேற்றுக்கு மேலால் தூக்கித் தந்தா.

"கட்டினனீங்களோ அன்ரி?"

"வலக்காலிலை கட்டேல்லை எண்டு சொன்னனான்தானே!"

அவவின் பேச்சை மட்டும் நம்பவில்லை. அங்கேயே நின்று எல்லாக் கோழியின் வலக்காலையும் இறகை விலக்கிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. உம்முடைய அம்மா பார்த்துக்கொண்டே நின்றா, "கோழிக்கும் சோதினையோ" என்று மட்டும் கேட்டா.

ஜெசிதா


பேர்கன்
2024 மார்ச் 29

நீ ஒரு களவுக்காரி, ஜெசிதா.

இவ்வளவு காலம் மரியாதையாக எழுதினேன், இனி இல்லை. பெட்டியைத் திறந்து முதல் துண்டைச் சீவினேன். வலப்பக்கம் நிறைய மொட்டுகள், உள்ளே உருண்டை நுண்பைகள் உள்ளவை, தட்டை நுண்பைகள் உள்ளவை, எல்லாம் கலத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு நிமிடம் நீ சொன்னது சரியோ என்று நினைத்தேன். பிறகு இடப்பக்கத்தைப் பார்த்தேன். வெறுமை! அதே கழன்ற மொட்டுகள், அதே கிளியா நாக்கு. அடுத்த துண்டிலும் அப்படி. அதற்கு அடுத்ததிலும் அப்படி.

கயிறு இல்லாத கோழியில் இடப்பக்கம் எப்படி வெறுமையாகும்? ஆகாது. நீ ஊசித் துளையை வேண்டுமென்று வலப்பக்கத்தில் குத்தியிருக்கிறாய். வலம் வெறுமையாகத்தான் வரும் என்று உனக்குத் தெரியும், அதனால் பக்கத்தை மாற்றி என்னை முட்டாளாக்கப் பார்த்தாய். உன்னை நம்பிச் சவால் விட்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் பெயரை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கட்டுரையை அனுப்புகிறேன். இந்தப் படங்களையும், நீ செய்ததையும் உன் துறைத்தலைவருக்கு எழுதுவேன்.

லெனாட்


குருநகர்
2024 மார்ச் 30

லெனாட்,

களவுக்காரி என்ற சொல்லை நான் மறக்கமாட்டேன். நீரும் மறக்க வேண்டாம்.

உம்முடைய மின்னஞ்சல் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கோவிலால் வந்துதான் வாசித்தேன். துளையை நான் இடப்பக்கத்தில்தான் குத்தினேன். அது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். அப்படியென்றால் இடப்பக்கம் ஏன்? இரவெல்லாம் அதே யோசனை. விடிய முதல் பஸ்ஸில் கரவெட்டிக்குப் போனேன்.

பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். "அன்ரி, போன முறை தந்த கோழியளை எப்பிடி வைச்சிருந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"ஏன், கட்டித்தான் வைச்சிருந்தனான்."

"கட்டேல்லை எண்டு சொன்னனீங்கள்!"

"வலக்காலிலை கட்டேல்லை எண்டு சொன்னனான். வலக்கால் கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்? அதுதான் இடக்காலிலை கட்டினன். அந்தரமாத்தான் கிடந்தது, இந்த வீட்டிலை ஒருநாளும் இடக்காலிலை கட்டினதில்லை. என்ரை பிள்ளையின்ரை வேலைக்காகத்தான் கட்டினன். பின்னை என்ன, காசு குடுத்து வாங்கின கோழியை உம்மடை சொல்லுக்கு ஊர் சுத்த விடச் சொல்லுறீரோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, லெனாட். நடு றோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கண்ணீர் வந்தது. நான் வலக்காலை மட்டும் பார்த்தேனே, மற்றக் காலை ஒருக்கால் பார்த்திருக்கலாமே என்று என் தலையிலேயே குட்டவும் தோன்றியது.

விளங்குகிறதா? வலக்காலில் கட்டினால் வலப்பக்கம் கழன்றது. இடக்காலில் கட்டினால் இடப்பக்கம் கழன்றது. நீர் ஆதாரம் கேட்டீர். உம்முடைய அம்மா தன் கையாலேயே அதைக் கட்டித் தந்துவிட்டா. என்னை நம்ப வேண்டாம். போனை எடுத்து அவவிடமே கேளும், திங்கட்கிழமைக்கு முதல்.

இன்னுமொன்று. நான் அழுததைக் கண்டு அன்ரிக்கு என்னவோ மாதிரிப் போய்விட்டது. "எனக்கு உம்மிலை கோவமில்லை பிள்ளை" என்றா. "அண்டைக்குச் சம்பந்தம் வேண்டாம் எண்டனான்தான், இல்லையெண்டில்லை. ஆனால் கேற்றடியிலை நிப்பாட்டச் சொன்னது நானில்லை. லெனாட்தான் போனிலை சொன்னவன், ஜெசிதா வந்தால் வெளியிலையே குடுத்து அனுப்புங்கோ அம்மா, உள்ளுக்கு எடுத்தால் பிறகு கதை வளரும் எண்டு. அண்டைக்கு நீர் உள்ளை வந்ததுக்கும் என்னைத்தான் ஏசினவன். பூட்டுப் போட்டதும் அதுக்குத்தான்."

நாலு வருசமாக நான் அந்த மனிசியைத் திட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். வெயிலில் வேர்த்து நிற்கும்போதெல்லாம் அவவைத்தான் சபித்தேன். அந்தக் கேற்றுக்குப் பின்னால் நின்றது நீர்! நோர்வேயில் இருந்துகொண்டு அதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறீர். என்னை உள்ளே விடாததால் நான் மாமரத்தடியைக் காணவில்லை. நான் காணாததால் உம்முடைய கட்டுரை பிழையானது. இனி யாரைக் களவுக்காரி என்பீர்?

ஜெசிதா


பேர்கன்
2024 ஏப்ரல் 2

ஜெசிதா,

அம்மாவுடன் கதைத்தேன். நீர் எழுதியபடிதான் சொன்னா. கயிற்றைப் பற்றியும், மற்றதைப் பற்றியும்.

கட்டுரையை அனுப்பவில்லை. இங்கே பேராசிரியரிடம் காரணத்தைச் சொன்னேன். கோழியை ஏன் காலில் கட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தவே அரைவாசி நேரம் போனது. ஆனியோடு வேலை முடிகிறது. வேறொன்று கிடைக்குமோ தெரியாது, பெரும்பாலும் ஊருக்கு வரவேண்டி வரும்.

அந்தச் சொல்லை எழுதியிருக்கக் கூடாது. துறைத்தலைவருக்கு ஒன்றும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். என்னுடைய நம்பரில் போட்டிருக்கும் தடையை ஒருக்கால் எடுத்துவிடும். சில விசயங்களைக் கதைத்தால்தான் சரி, எழுத வரவில்லை.

லெனாட்


குருநகர்
2024 ஏப்ரல் 9

லெனாட்,

தடையை எடுக்கமாட்டேன். எழுத வராததை எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

வேலைக்கு வருவோம். வலக்கால் கட்டிய கோழி இருக்கிறது, இடக்கால் கட்டிய கோழி இருக்கிறது, கட்டாத கோழிதான் இல்லை. அதை றெஜி அண்ணையின் வலைக் கொட்டிலில் கம்பி வலை அடித்து நான் வளர்க்கத் தொடங்கிவிட்டேன். மூன்றையும் சேர்த்தால் ஒரு உண்மையான கட்டுரை வரும். காலில் ஒரு கயிறு முண்ணாணில் நரம்பிணைப்பை எப்படிக் கழற்றுகிறது என்று. ஆனி வரை உமக்கு அந்த நுணுக்குக்காட்டி இருக்கிறது. சீவிப் படம் எடுத்து அனுப்பும். எழுதுவது நான். முதல் பெயர் என்னுடையது. உம்முடையது இரண்டாவது. நூறு கேள்வி கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டும்.

மிச்சமிருந்த கட்டிய கோழிகளை வாங்க நேற்றுக் கரவெட்டிக்குப் போனேன். கேற்றில் பூட்டு இல்லை, இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. உம்முடைய அம்மா தலை வாரி நல்ல சீலை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றா. உள்ளே மேசையில் தேத்தண்ணியும் சீனி அரியதரப் பலகாரமும் மூடி வைத்திருந்தது தெரிந்தது.

"உள்ளை வாரும் பிள்ளை, ஏன் வெயிலுக்கை நிக்கிறீர்?"

நான் கூடையை நீட்டினேன். "கயிறை அறுக்காமல் அப்பிடியே தாங்கோ அன்ரி. உதிலை வைச்சாலும் போதும். எனக்கு இஞ்சை நிண்டே பழகிப்போச்சு."

ஜெசிதா சிமியோன்